வத்தல்மலையில் சிவப்பாகத் தெரிந்த ரம்யா

போன வெள்ளிக்கிழமை வேலைக்காக வத்தல்மலை போய் வந்தேன். குழுவாகப் படிக்கும் பிள்ளைகளில் யார் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள் என்று ஆசிரியரின் போனில் உடனுக்குடன் காட்டும் ஒரு செயலியைப் பள்ளிகளில் அறிமுகப்படுத்துவது என் வேலை. அந்த வாரத்தில் இது நான்காவது பள்ளி. முதுகு வலியோடுதான் கிளம்பினேன்.

தருமபுரியில் 6.40க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அடிவாரத்தில் ஜீப் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆனது. ஆளுக்கு ஐம்பது ரூபாய். வளைவுகளை எண்ணத் தொடங்கி, தலை சுற்றியதால் பதினொன்றில் விட்டுவிட்டேன். மடியிலிருந்த டேப்லெட் பெட்டியைப் பற்றி ஓட்டுநர் கேட்டார், சொன்னேன்.

"வாத்தியாருக்குத்தான் கண்ணு இருக்குதுங்களே மேடம், அப்புறம் இது எதுக்குங்க?"

ஜீப்பில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஏழாம் வகுப்பு, கணக்குப் பாடம். நால்வருக்கு ஒரு டேப்லெட். பதில் போடுகிறவர் முதலில் தன் படத்தைத் தொட வேண்டும். இருபதாவது நிமிடத்தில் ஆசிரியை போனிலிருந்து நிமிர்ந்தார். அதில் ரம்யா சிவப்பு, பங்கெடுக்கவில்லை என்று அர்த்தம். பக்கத்திலிருந்த கவிதாவின் பச்சைக் கோடு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

"ஏன் கவிதா, எல்லாத்தையும் நீயேதான் போடுவியா? ரம்யா, பையை எடுத்துக்கிட்டு கடைசிக் குழுவுக்குப் போ. வருசம் பூரா இனி அங்கதான்."

ரம்யா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பள்ளியில் நானும் வாய் திறக்காதவள்தான்.

ஆனால் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும், விடைகளைச் சொன்னது ரம்யா. காப்பி பறித்து வெடித்துப்போன அவள் விரலைத் திரை ஏற்கவில்லை. மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ அமுத்துடி" என்றாள். கவிதா தன் படத்தைத் தொட்டு அமுத்தினாள். அடுத்தவர் படத்தைத் தொட்டால் ஏமாற்று என்று காலையில் சொன்னது நான்தான்.

"டீச்சர், தப்பு எம்மேலதாங்க." நான்தான் எழுந்து சொன்னேன். இரண்டாம் முறை சொன்னதும் திரும்பினார். நடந்ததைச் சொன்னேன். ஆசிரியை வாய்க்கணக்கு ஒன்று கேட்டார். ரம்யா நின்றபடியே சொன்னாள்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன புள்ள?"

"நீங்க எங்க டீச்சர் கேட்டீங்க? போனைத்தான பாத்துட்டிருந்தீங்க" என்றாள் கவிதா. வகுப்பே சிரித்தது, ஆசிரியையும்தான். பை பழைய இடத்துக்கு வந்தது.

போகிறவர்களுக்கு: இறங்கக் கடைசி ஜீப் 3.30க்கு, அதை விடாதீர்கள். வளைவுகளுக்கு எலுமிச்சம்பழம் உதவும். இதுபோன்ற செயலியோடு போகிறீர்கள் என்றால், போனை எடுக்கும் முன் ஒவ்வொரு குழுவோடும் பத்து நிமிடம் உட்காருங்கள். கையில் ஈரத்துணி இருக்கட்டும். துடைத்த விரலைத் திரை சில நேரம் ஏற்கிறது.

அலுவலகத்துக்கான அறிக்கையை ஜீப்பிலேயே முடித்தேன். அதில் ரம்யா இன்னும் சிவப்புதான், மாற்ற வழியில்லை. குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரிக்குத்தான் இடம். 'விடைகள் ரம்யாவுடையவை' என்று எழுதி அனுப்பினேன்.