நெருஞ்சி போன தூரம்

போன மாதம் ஒரு சாயங்காலம். வைட்ஃபீல்ட் போகும் மெட்ரோவில் அதிசயமாக எனக்கு ஒரு சீட் கிடைத்தது. அப்பாடா என்று உட்கார்ந்ததும் போன் அடித்தது. வீடியோ கால். எடுத்தால்... திரை முழுக்க ஒரு ரப்பர் செருப்பு!

அதுவும் அடிப்பாகம்.

"தெரியுதா? நல்லா பாருடி, தெரியுதா?" என்று செருப்புக்குப் பின்னால் இருந்து ஒரு குரல். பக்கத்து சீட் அம்மாள் பயந்துபோய், என்ன ஆச்சு என்று கன்னடத்தில் "ஏனாயித்து?" என்றார். "ஏனில்லா, ஃப்ரெண்ட்" என்று, ஒன்றுமில்லாதது போலச் சமாளித்தேன்.

குரல் பிலோமினாவுடையது. ஒக்கலிபுரத்தில் பல வருஷம் எனக்குப் பக்கத்து வீடு. பி.யு. காலேஜில் (நம்ம ப்ளஸ் டூதான்) தாவரவியல் லெக்சரராக இருந்து ரிடையர் ஆனவள். அவளோடு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ட்ரெயினை விட்டுவிடுவீர்கள். தண்டவாளச் சுவர் ஓரம் எது முளைத்திருந்தாலும் நின்று, குனிந்து, பேர் சொல்லி விசாரித்துவிட்டுத்தான் வருவாள்.

அவள் கணவர் ஜோசப் போன வருஷம் தவறிப்போனார். ஒரே மகள் அனிதா அமெரிக்காவில். அம்மாவைத் தனியே விட மனசில்லாமல் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். எந்த ஊருக்கு? அரிசோனாவுக்கு. பாலைவனம்!

போன புதிதில் பிலோ தினமும் பேசினாள். அப்புறம் வாரம் ஒரு முறை. அப்புறம்... நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. கடைசியாகப் பேசியபோது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"வாசல்ல நின்னா ஒரு செடிக்குக்கூட பேர் தெரியலடி. எங்க பாத்தாலும் பனைமரம் ஒசரத்துக்குக் கள்ளி. அதுங்க என்னைப் பாக்குது, நான் அதுங்களைப் பாக்கறேன். அவ்ளோதான்."

"புக் வாங்கிப் படியேன்" என்றேன்.

"யாருக்குப் பாடம் எடுக்க?"

பிறகு ஒரு நாள் அனிதாவே போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா வெளிய வரதே இல்ல. ஜன்னல் ஸ்க்ரீன்கூட தொறக்கறதில்ல. பாதி இட்லி சாப்ட்டா போதும்ங்கறாங்க. டாக்டர் கிட்ட போனா அங்கயும் பேச மாட்டேங்கறாங்க. எனக்கு பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பேசியே என் பஸ்ஸையெல்லாம் தவறவிட வைத்தவள், பேச மாட்டேன் என்றால்?

அதனால்தான் மெட்ரோவில் அந்தச் செருப்பைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. எத்தனை மாதம் கழித்து இவள் இப்படிக் கத்துகிறாள்!

உற்றுப் பார்த்தேன். ரப்பரில் சின்னதாக, பழுப்பாக, கொம்பு வைத்த ஏதோ ஒன்று குத்திக்கொண்டு நின்றது.

"முள்ளா?"

"நெருஞ்சிடி! நம்ம நெருஞ்சி! குப்பை போட வாசலுக்கு வந்தேன், காலைக் கடிச்சுது. எடுத்துப் பாத்தா... ஜீசஸ், இது இங்க என்ன பண்ணுது!"

கேமரா ஆடி ஆடி நடைபாதை ஓரத்துக்குப் போனது. எனக்கு விளக்கு வைக்கும் நேரம். அவளுக்குக் காலை வெயில். நம்மைப்போல அங்கேயும் ஒரு மழைக்காலம் உண்டாம். அந்த மழைக்குக் கிளம்பி, தரையோடு தரையாகப் பாய் விரித்தது போல ஒரு கொடி. புளிய இலையைப் பொடியாக்கியது போன்ற இலை. நடுவில் விரல் நகத்தைவிடச் சின்னதாக மஞ்சள் பூக்கள். ஐந்தைந்து இதழ்.

அன்று ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. என் ஸ்டேஷன் வந்து, இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

இந்தப் பூவின் ஆயுசு ஒரு காலை நேரம்தான். வெயிலேறும் முன் மலர்ந்து, மத்தியானத்துக்குள் உதிர்ந்துவிடும். அதற்குள் காரியத்தை முடித்தாக வேண்டும். பூ போன இடத்தில் காய். காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பெரிய முள். எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே பார்த்துத்தான் விழும்.

எதற்கு? குத்துவதற்கு என்றுதானே நினைத்தோம்? இல்லை... ஏறிக்கொள்வதற்கு! பறக்க இறகு இல்லை, மிதக்கத் தோதும் இல்லை. போகிறவன் காலைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டுக் குளம்பு, ஒட்டகப் பாதம், செருப்பு, சைக்கிள் டயர் – எது கிடைத்தாலும் சரி. இந்தியா, ஆப்பிரிக்கா, மத்திய தரைக்கடல் ஓரமெல்லாம் இதன் பழைய வீடு. அங்கிருந்து ஆட்டு ரோமத்தில் சிக்கிக் கப்பலேறி அமெரிக்கா போயிருக்கும் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறதாம். விசா இல்லை, டிக்கெட் இல்லை!

இதைவிட ஒன்று சொன்னாள். காயின் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இரண்டு மூன்று விதை. எல்லாம் சேர்ந்து முளைப்பதில்லை. பெரியது முதலில் எழும். மற்றவை மண்ணுக்குள் பேசாமல் கிடக்கும். அந்த வருஷம் மழை ஏமாற்றி, முதல் செடி கருகிப்போனால்? உள்ளே இன்னொன்று இருக்கிறது. வருஷக்கணக்கில் காத்திருக்கும்.

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். எதிர்வீட்டு லிண்டா. கையில் க்ளவுஸ், களைக்கொத்தி, பெரிய பை. இந்தச் செடியை அவர்கள் 'ஆட்டுத்தலை' என்கிறார்களாம். முள்துண்டைப் பார்த்தால் கொம்பு வைத்த ஆட்டு முகம்தான்! நாய்க்குக் காலில் ஏறுகிறது, குழந்தைகள் சைக்கிள் தினமும் பஞ்சர். தெருவுக்கே அது எதிரி.

லிண்டா கொடியைப் பிடித்து இழுத்தாள். பாதியில் அறுந்தது.

"நோ, நோ!" என்று பிலோ கத்தினாள். சண்டைக்குப் போகிறாளா? இல்லை. போனை மண்ணில் வைத்துவிட்டாள். எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது, குரல் கேட்டது. மேலே பிடித்து இழுக்காதே, நடு வேரைக் கண்டுபிடித்து அதற்குக் கீழே வெட்டு, பூ காயாவதற்குள் எடு, காய் உதிர்ந்திருந்தால் மண்ணைப் பெருக்கு – இங்கிலீஷில், கணீரென்று, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற அந்தப் பழைய லெக்சரர் குரல்.

அனிதா வாசலுக்கு ஓடி வந்தது தெரிந்தது. போனை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்னால் இருக்கும் காலி சைட்டுக்குப் போனேன். தினமும் தாண்டிப் போகிற இடம்தான். ஜல்லிக்குவியல் ஓரத்தில் மஞ்சளாக இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். இவ்வளவு சின்னப் பூ, பாதி உலகத்தைச் சுற்றி வந்ததா! வாட்ச்மேன் வந்து, "மேடம், ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன ஞாயிறு பிலோ மறுபடி வீடியோ காலில் வந்தாள். பின்னால் லிண்டாவும் இன்னும் நாலு பேரும். எல்லோர் கையிலும் பை. பிலோ வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"ஏன்டி, அவ்வளவு தூரம் போய் ஒரே ஒரு சொந்தம் கிடைச்சுது. அதையும் நீயே பிடுங்கறியே, வருத்தமா இல்ல?" என்றேன்.

"அடி போடி. எவ்ளோ பிடுங்கினாலும் மண்ணுக்குள்ள மிச்சம் இருக்கும். அது ஒண்ணும் இந்த ஊரை விட்டுப் போகாது" என்றவள், பையின் வாயை முடிந்துகொண்டே, "நானுந்தான்" என்றாள்.

ஆகவே மக்களே, நெருஞ்சி குத்தினால் முதலில் தாராளமாக 'ஆ' என்று கத்துங்கள்... அப்புறம் மெதுவாக எடுங்கள். அது வெகுதூரம் கிளம்பியிருக்கிறது.