ஈரம் காயாத பெடல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது கட்டுக்கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடந்தது என் சொந்த அக்காவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும். அத்தான் பொய் சொல்லக்கூடியவர்தான், அதுவும் மைலேஜ் விஷயத்தில். அக்கா சொல்லமாட்டாள்.

அத்தானுக்குக் கார் என்றால் உயிர். தரையை ஒட்டித் தாழ்வாக நிற்கும் வண்டி. அது கிளம்பும் சத்தத்தில் தெருக்கோடியில் தூங்கும் நாய்கூட எழுந்து இடம் மாறிப் படுக்கும். ஒருநாள் மேட்டில் வைத்து அதை விரட்டு விரட்டு என்று விரட்டியதில் எஞ்சின் செத்துப்போயிற்று. பிஸ்டன் உருகிவிட்டது, வேறு எஞ்சின்தான் வைக்க வேண்டும் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அவர் அத்தானோடு படித்தவர். கண்ணாடி தடிமன் என்பதால் ஊரே அவரைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடும்.

அக்கா அப்போது மாசமாக இருந்தாள். திடீரென்று வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வீட்டில் இருந்தது அந்த ஒரு வண்டிதான். அதனால் அத்தானும் சோடாபுட்டியும் மறுநாளே பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுக்குப் போனார்கள். அங்கே இரண்டு எஞ்சின்கள் பொருந்தி வந்தன. ஒன்று பழைய எஞ்சினின் கூடப் பிறந்தது மாதிரி. சாது. இன்னொன்று பெரியது, டர்போ வைத்தது.

"கண்ணை மூடிட்டு சின்னதை எடுடா. வீட்டுல மாசமா இருக்காங்க. வம்பு பண்ணாம ஓடும்" என்றார் சோடாபுட்டி.

"வம்பு பண்ணாம ஓடுறதுக்கு நான் சைக்கிள் வாங்கிக்கிறேன்."

அத்தான் பெரிய எஞ்சின் பக்கத்திலேயே குந்திவிட்டார். துளி கசிவு இல்லை, துரு இல்லை. அது வந்த கார் எங்கேயும் மோதவில்லை, ஒரு கீறல்கூட விழவில்லை என்றார் யார்டுக்காரர்.

"அடிபடாத வண்டியை ஏன் உடைச்சீங்க?"

"வண்டிக்காரங்க வீட்டுல உடைக்கச் சொன்னாங்க, தம்பி." அவர் பேட்டரி எடுக்கப் போய்விட்டார்.

எஞ்சினைத் தரையிலேயே வைத்து, பேட்டரி கொடுத்து, வேறு ஏதோ ஒரு வண்டியின் பெடலை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பெடலை அழுத்தினால் லேசாகத் திக்கியது. இந்த ரக எஞ்சின்களுக்கு ஆக்சிலரேட்டரில் கேபிள் கிடையாது. பெடலுக்குள் இருக்கும் சென்சார், எஞ்சினோடு வரும் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லும். மூன்றும் ஒரே வண்டியில் இருந்து வந்தால்தான் கால் நினைப்பதை எஞ்சின் கேட்கும் என்பது அத்தான் மாதிரி ஆட்களின் வேதவாக்கு.

அந்தப் பெரிய எஞ்சின் வந்த வண்டியின் பெடல் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது மட்டும் கிடையாது, தம்பி. எஞ்சின் வேணுமா, பெடல் வேணுமா? ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அத்தானுக்கு அதுதான் வேண்டும். எஞ்சினை எடுத்துவந்தார். அடுத்த வாரம், யார்டுக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து, அந்தப் பெடலுக்கு வேறொரு ஆளை அனுப்பினார். வேலையாள் விஷயம் தெரியாமல் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

பெடலை மாட்டியதும் திக்கல் நின்றது. அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலில் ஈரத்தைப் பார்த்தது அக்காதான். காலையில் வண்டியைத் துடைக்கும்போது பெடலின் ரப்பர் நனைந்திருந்தது. அத்தான் ஏசி தண்ணீர் என்றார். பார்த்தால் ஏசி குழாய் சரியாக இருந்தது. கண்ணாடி ஓரம் மழை கசிகிறது என்றார். மழையே இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் என்றார். அதிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை. கீழே விரிப்பு காய்ந்துதான் கிடந்தது. பக்கத்தில் பிரேக்கும் கிளட்சும் காய்ந்துதான் இருந்தன.

அந்த ஒரு பெடல் மட்டும்.

துடைத்தால் மறுநாள் மறுபடி ஈரம். லேசாகப் பாசி வாடை... சோடாபுட்டி மோந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்து திரும்பினார்கள். நல்ல வெயில். தெருவில் பள்ளிக்கூட வேன் நின்று பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. அத்தான் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். கியரை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். சாவியைத் திருப்பவில்லை. டர்போ வண்டியை நிறுத்தியதும் அணைக்கக் கூடாது, சூடு இறங்கும்வரை எஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும் என்பது அவர் வழக்கம்.

"கேட்டைத் திறந்துட்டு வந்துடறேன்" என்று இறங்கினார்.

அக்கா முன் சீட்டில் இருந்தாள். வயிற்றை அழுத்துகிறது என்று பெல்ட்டைக் கழற்றிவிட்டாள்.

அத்தான் கார் மூக்குக்கும் கேட்டுக்கும் நடுவே நின்று தாழ்ப்பாளை இழுத்தார்.

வ்ர்ர்ம்...

திரும்பிப் பார்த்தார். அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்தார்.

வ்ர்ர்ம்... வ்ர்ர்ம்...

அக்கா டிரைவர் சீட்டுப் பக்கம் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வயிற்றின்மேல் இருந்தன. முகத்தில் ரத்தமே இல்லை.

பெடல் தானாக அழுந்தியது.

எழுந்தது.

மறுபடி அழுந்தியது. வெறி இல்லை, அவசரம் இல்லை. "கிளம்பலாமா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல.

அத்தான் ஓடிவந்து கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கினார். எஞ்சின் நின்றது.

பெடல் நிற்கவில்லை.

சத்தமே இல்லாமல்... இறங்கியது... எழுந்தது...

சுற்றி ஓடி அக்காவின் கதவைத் திறந்தார். கையைப் பிடித்து இழுத்தார்.

அக்கா வரவில்லை.

பெல்ட் மாட்டியிருந்தது.

"நான் கழட்டிட்டேங்க... சத்தியமா கழட்டிட்டேன்..."

கொக்கியைத் தொட்டார். சொட்டச் சொட்ட ஈரம்.

எப்படிக் கழற்றினார் என்று அத்தானுக்கே தெரியாது. அக்காவை அணைத்தபடி தெருவில் நின்றார். வேன் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். மனிதர் அழுதுவிட்டார் என்று அக்கா சொன்னாள். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

அன்றே சோடாபுட்டி பெடலைக் கழற்றினார். எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனார்கள். யார்டுக்காரர் பெடலைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எஞ்சினையும் பெடலையும் சேர்த்து வைக்காதீங்கன்னு அந்த வண்டிக்கார அம்மா அவ்வளவு கேட்டுக்கிட்டாங்களே, தம்பி" என்று மட்டும் சொல்லி, அவள் வீட்டுக்கு வழி காட்டினார்.

சொல்லச் சொல்லக் கேட்காமல் அக்காவும் கூடப் போனாள்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். பெடலை இரண்டு கையாலும் வாங்கி, ரப்பரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ஈரம் ஏன் என்று அவள் கேட்கவில்லை.

"என் பையன் வண்டி. நானும் அவனும் ஏரிக்கரை வழியா வந்துட்டிருந்தோம். ஒரு சின்னப் பையன் தண்ணியில தத்தளிச்சான். இவன் நிறுத்திட்டு இறங்கினான். 'டர்போம்மா, உடனே அணைக்கக் கூடாது, ஓடட்டும். இதோ வந்துடறேன்'னான். அந்தப் பையன் பிழைச்சுட்டான்."

பெடலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"யார் யாரோ வந்து இறங்கச் சொன்னாங்க. நான் இறங்கலை. வந்துடறேன்னு சொன்னானே. பெட்ரோல் தீர்ந்து வண்டி அதுவா நிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

அதற்குப் பிறகு அவன் தினமும் வந்தானாம். பெடல் நனைந்திருக்குமாம்.

"எனக்கு என்ன பயம்? என் பிள்ளைதானே. ஆனா என் இடத்துல வேற யாராவது உட்கார்ந்திருந்தா... அவனுக்குத் தெரியாதேன்னுதான் உடைக்கச் சொன்னேன்."

வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நடந்ததை யாரும் யார்டுக்காரரிடமும் சொல்லவில்லை, இந்த அம்மாளிடமும் சொல்லவில்லை. ஆனால் அவள் அக்காவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா... உனக்கும் பெல்ட்டை மாட்டிவிட்டானா?"

அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எனக்கு எப்பவும் அவன்தான் மாட்டிவிடுவான். அதை மாட்டாம கிளம்பவே மாட்டான்."

இப்போது வண்டியில் அந்தச் சாதுவான சின்ன எஞ்சின்தான் ஓடுகிறது. அத்தான் வம்பு பண்ணுவதில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அக்கா மட்டும் இன்னும் வண்டி நின்றதும் பெல்ட்டைக் கழற்றி, அந்தக் கொக்கியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். இறங்கிய பிறகுதான் விடுவாள்.