ஐந்தாவது நிறம்

பல்கலைக்கழகத்திலிருந்து லீவில் வந்த காக்கா, வந்த அன்றே என் நிம்மதியைக் கெடுத்தார். மூத்த அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். பறவையை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வரலாம். அவர் கணிதம் படிக்கிறவர். எனக்கு அப்போது பத்து வயது. இலங்கை வரைபடத்தின் மாவட்டங்களுக்கு நிறம் தீட்டப் பன்னிரண்டு கலர் பென்சில்களையும் தேய்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு போதும்" என்றார். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களுக்கு ஒரே நிறம் வரக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. எந்த நாட்டு வரைபடமானாலும், நானே கற்பனையில் கீறியதானாலும், நாலுக்கு மேல் தேவைப்படாதாம்.

"அஞ்சு தேவைப்படுற மாதிரி ஒண்டு கீறிக் காட்டு. அறுகம்பேக்கு மோட்டார் சைக்கிள்ள கூட்டிட்டுப் போறன்."

அறுகம்பே! எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் மட்டும் போய்வந்து, அலையைப் பற்றி வாய் ஓயாமல் அளக்கும் இடம். எனக்கு அது வேண்டும் என்றால் வேண்டும்.

நான்கு நாள் விடாமல் கீறினேன். பூப்போல, வலைபோல, மாமரத்து வேர்போல. காக்கா பணிஸைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் நான்கு நிறத்தில் முடித்துத் தள்ளினார். நான் இன்னும் கீறாத படத்தைக்கூட இவர் எப்படி அறிவார் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை. கேட்டால், கம்பியூட்டர் பார்த்துவிட்டதாம். எல்லாப் படத்தையும் அல்ல. எந்தப் படத்தை எடுத்தாலும் அதற்குள் ஏதாவதொன்றாவது வந்தே தீரும் வடிவங்கள் நூற்றுக்கணக்கில் உண்டாம், அவற்றை ஒவ்வொன்றாகக் கம்பியூட்டர் சரிபார்த்ததாம். எனக்குத் தலை சுற்றியது. வாப்பாவுக்கும்தான்.

"அதக் கண்ணால பாத்த ஆக்கள் ஆரு?" என்று கேட்டார் வாப்பா.

"முழுசா ஒருத்தரும் பாக்கல்ல வாப்பா. மனிசரால பாத்து முடியாது."

"பிறையக் கண்ணால கண்டாத்தானே நமக்குப் பெருநாள். கம்பியூட்டர் சொல்லிச்செண்டு எடுப்பமா?"

காக்கா இன்னொரு பணிஸை எடுத்துக் கடித்தார். பாதி வென்றுவிட்டதாக எனக்கு ஒரு குஷி.

ஐந்தாம் நாள் யோசனை வந்தது. அந்தக் கம்பியூட்டர் எந்தத் தேசத்தில் இருந்தாலும், எங்கள் வட்டையைப் பார்த்திருக்க நியாயமில்லை. ஊருக்கு மேற்கே கிடக்கும் வயல்வெளியைத்தான் வட்டை என்போம். அறுவடைக்கு வாப்பாவுடன் போய் எனக்கு அங்கே வரம்பு வரம்பாகத் தெரியும். நடுவில் மௌலவியின் வயல். அதைச் சுற்றி மூன்று பேரின் வயல்கள், ஒன்றையொன்று தொட்டபடி. அந்த மூன்றையும் வெளியே வளைத்துக்கொண்டு எங்கள் வயல். அதோடு, உள்ளே மௌலவியின் வரம்பை ஒட்டி ஒரு சின்னத் துண்டு. அதிலும் வெள்ளாமை செய்கிறவர் வாப்பாதான். எங்களுடைய இரண்டுக்கும் பச்சை தீட்டினேன். மூன்று பேருக்கும் சிவப்பு, நீலம், மஞ்சள். மௌலவியின் வயல் இந்த மூன்றையும் தொடுகிறது, எங்கள் சின்னத் துண்டையும் தொடுகிறது. அவருக்கு ஊதாவைத் தவிர வேறு வழியில்லை.

ஐந்து!

படம் கீறிய கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லோரும் குசினியில் இருந்தார்கள். வாப்பாவின் தங்கை, என் மாமி, வந்திருந்தார். உம்மாவோடு சேர்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். காக்கா பணிஸைக் கீழே வைத்தார். அழித்தார், மறுபடி தீட்டினார், மறுபடியும் அழித்தார். அறுகம்பேக்கு எந்தச் சட்டையைப் போடுவது என்பதுவரை நான் போய்விட்டேன்.

"இது செல்லாது" என்றார் கடைசியில். "ஒரு ஆளுட காணி ஒரே துண்டா இரிக்கணும். ரெண்டு துண்டெண்டா அந்தச் சட்டம் பிடிக்காது."

"ரெண்டும் வாப்பாடதானே!"

"இந்தச் சின்னத் துண்டு வேற ஆளுட எண்டு வெச்சுக்க. நாலு நிறம் காணும்." தீட்டியும் காட்டினார். மௌலவிக்கும் எங்களுக்கும் பச்சை, சின்னத் துண்டுக்கு மஞ்சள். எவ்வளவோ அழகாகப் பொருந்தியது. காக்கா தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா கொப்பியைப் பார்த்தார். கம்பியூட்டரையே மடக்கிய மனிதர் வாயைத் திறக்கவில்லை.

மாமி கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "புள்ள கண்டதத்தானே கீறியிரிக்கா" என்றார். "எங்கட வாப்பா மௌத்தான நாளில இரிந்து அது பச்சையாத்தான் கிடக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் துண்டு மாமிக்கு அவருடைய வாப்பா விட்டுப்போன பங்கு என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு நான் சொன்னதை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. என் கட்சியில் ஒருவராவது இருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துபோய், மாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதீங்க மாமி. அது வாப்பாடதான் எண்டு எல்லாரும் ஒத்துக்கொள்ளுற வரைக்கும் நான் விடமாட்டன்."

மாமி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். உரித்த இறாலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து தன் வீட்டுக்குப் போனார். அறுகம்பேக்குப் போக முடியாமல் போனது எனக்குத்தானே, இவர் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார் என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.