லாண்டிங் எண்டால் இறங்கிறது

பக்கத்து வீட்டு அக்கா கனடாவுக்கு மகளிடம் போகிறார். நேற்று வந்து, "நீங்க அந்த நாளில லொட்ஜில நிண்டனீங்கள்தானே, ப்ளேனுக்குள்ள கதைக்கிற இங்கிலீசை ஒருக்காச் சொல்லித் தாங்கோ" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ப்ளேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் சொற்கள் ஒவ்வொன்றாக வாயில் வந்தன. கூடவே புது ரெக்சின் சூட்கேஸ் மணமும் வந்தது.

சண்டைக் காலம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் இருந்த லொட்ஜில் தேத்தண்ணி ஊற்றுவது என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெளிநாடு போகக் காத்திருக்கும் சனம் அறை அறையாக நெரிந்து கிடக்கும். அவர்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரர் ராசன் பின்னேரங்களில் கதிரைகளை இரண்டு பக்கமாக அடுக்கி வகுப்பு எடுப்பார். நடுவில் விட்ட வழிதான் ஐல். அதில் நான் தட்டோடு போனால், "இவர்தான் எயார் ஹொஸ்டஸ், வடிவாப் பாருங்கோ" என்பார். எனக்கு அப்போது நல்ல தொந்தி.

அந்த வகுப்பில் தவமணி என்று ஒரு பெண். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. தாய் தகப்பன் ஷெல் விழுந்து செத்துப்போய்விட்டார்கள். ஜெர்மனியில் மாப்பிள்ளை, படம் பார்த்துப் பேசி முடித்தது. போய்ச் சேர்ந்தால் கல்யாணம். இல்லையென்றால் திரும்பிப் போக வீடு கூடக் கிடையாது.

"டேக் ஓஃப் எண்டால் என்ன அண்ணை?"

"ப்ளேன் எழும்புறது. அது எழும்பேக்க நீங்க எழும்பப்படாது. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இருக்கோணும்."

"லாண்டிங்?"

"இறங்கிறது."

"ட்ரான்சிட் எண்டு ஒண்டு சொன்னீங்கள்?"

அதற்குள் ராசனுக்கு போன் வந்தது. "பிறகு சொல்லுறன் தங்கச்சி" என்று எழும்பிப் போனார். மறுநாள் விடியவே தவமணியை ஏற்றிவிட்டார்கள்.

நடுவழியில் எண்ணெய் அடிக்க ப்ளேன் ஒரு பாலைவன ஊரில் நின்றது. அதுதான் ட்ரான்சிட். லாண்டிங் என்று மைக்கில் சொன்னார்களாம். எழும்பாதே என்று சொல்லிக் கொடுத்த ராசன் இறங்காதே என்று சொல்லவில்லை. அந்த ஊர்ச் சனத்தோடு தவமணியும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பாஸ்போட்டில் இருந்ததோ வேறு ஒருத்தியின் படம். பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நீங்கதானே அண்ணை இறங்கிறது எண்டு சொன்னீங்கள்?"

"ப்ளேன் இறங்கிறது எண்டனான். உம்மை ஆர் இறங்கச் சொன்னது?"

இருந்த சனமெல்லாம் சிரித்தது. பிடிபட்ட முகத்தை இனி அனுப்ப ஏலாது என்று ராசன் கையை விரித்தார். மாப்பிள்ளை போன் எடுத்தபோது நான்தான் தவமணியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "ஓம்... ஓம், விளங்குது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்னவாம் பிள்ளை?"

"வேற இடத்தில பாக்கினமாம். இறங்கிற இடமே தெரியாதவள் அங்க வந்து என்னத்தைச் செய்யப்போறாள் எண்டு தாய் கேட்டவவாம்."

ஊருக்குப் போகிற பாதையும் பூட்டிக் கிடந்தது. தவமணி லொட்ஜிலேயே மற்றவர்களின் உடுப்பைத் தோய்த்துக்கொண்டு இருந்தார். வகுப்பு நடந்தது. "நடுவில தவமணி போட்டிடாதேங்கோ" என்று ராசன் புதுச் சனத்துக்குச் சொல்லுவார். அதுவும் இங்கிலீஷ் என்று நினைத்த ஒரு பெரியவர், "தவமணி எண்டால் பெல்ட் கட்டுறதோ தம்பி?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கக் கனநேரம் எடுத்தது. பின்னால் பைப்படியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

கொஞ்ச நாளில் தவமணி பக்கத்தில் பாமன்கடை என்கிற இடத்தில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போனார். பிறகு நான் காணவில்லை. லொட்ஜை இடித்து மாடிமாடியாகக் கட்டிவிட்டார்கள். ராசன் லண்டனில். சிரித்த சனமெல்லாம் இறங்கவேண்டிய ஊர்களில் இறங்கிவிட்டது. அந்தச் சொல்லும் அவர்களோடு போய்விட்டது. இன்றைக்கு வெள்ளவத்தையில் தவமணி என்று சொன்னால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.