ஏழு மாடிக்கு ஒரு மாடி குறைவு

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபீஸ் கட்டடத்துக்குக் கடலூரில் ஏழு மாடி என்று பெயர். டவுன் பஸ்ஸில் ஏறி 'ஏழு மாடி ஒண்ணு' என்று கேட்டால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். ஆனால் கீழே நின்று எண்ணிப் பார்த்தால், தரைத்தளத்தையும் சேர்த்து ஆறுதான் வரும். அதற்கு மேல் லிஃப்ட் மெஷினுக்காக ஒரு சின்ன அறை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள்தான் எண்ணிப் பார்ப்பார்கள். உள்ளூரில் யாரும் எண்ணுவதில்லை.

அதன் கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடையில் நான் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். இப்போது கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று எல்லாக் கடைகளுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. கடல் காற்றில் கம்பி எல்லாம் துருப்பிடித்துவிட்டதாம். போன மாதம் அளவெடுக்க வந்த பையன் ஒருவன், இதை யார் கட்டினார்கள், ஏன் ஏழு மாடி என்று சொல்கிறார்கள் என்று எங்கள் கடையில் நின்று விசாரித்தான். கடைக்காரர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். பண்ருட்டிப் பக்கத்து முந்திரி முதலாளி ஒருவர் கட்டியது, லிஃப்ட் வந்த புதிதில் சேத்தியாத்தோப்பிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்து ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள், இன்சூரன்ஸ் ஆபீஸ் இருந்தது, டைப்ரைட்டிங் கிளாஸ் இருந்தது, அப்புறம் கம்ப்யூட்டர் கிளாஸ் வந்தது என்று. பையன் என்னையும் பார்த்தான். எனக்குப் புது ஆளிடம் பேச வராது. தெரியாது என்று தலையாட்டிவிட்டுத் தாள் அடுக்கப் போய்விட்டேன்.

எனக்குத் தெரியும். அந்தக் கட்டடம் வளர்ந்ததை அங்கே கொட்டியிருந்த மணல்மேட்டில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

அம்மா அங்கே சித்தாள். அப்பா கம்பி கட்டுகிறவர். அம்மாவின் தம்பி, என் மாமா, தளம் போட அடியில் சென்ட்ரிங் பலகை அடிக்கிறவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பையோடு நேராக அங்கே வந்துவிடுவேன். அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பா கம்பியை வளைக்கும்போது கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சிரிப்பதுபோல இருக்கும். உண்மையில் சிரிக்க மாட்டார். நான் ரொம்ப நாள் அவர் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தளம் போட்டு முடிந்ததும், சிதம்பரத்தில் ஏதோ ஒரு ஹாஸ்டல் கட்டுகிறார்கள், அங்கே ஆள் கேட்கிறார்கள் என்று அப்பா போனார். முதலில் சனிக்கிழமைதோறும் வந்தார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு தீபாவளிக்கும் வரவில்லை. அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா எப்போது வருவார் என்று நான் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு அலுத்துவிட்டது. ஆகவே மாமாவைக் கேட்டேன். மாமாவுக்கு எதற்கும் பதில் இல்லை என்று சொல்லித் தெரியாது.

"இந்தக் கட்டடம் ஏழு மாடி வரப்போவுது. ஏழாவது மாடி ஏறி நின்னா சிதம்பரம் கோபுரம் தெரியும். நாலு கோபுரமும் தெரியும்."

அப்பா தெரிவாரா என்று கேட்டேன்.

"அவ்ளோ பெரிய கோபுரம் தெரியுது, உங்கப்பன் தெரிய மாட்டாரா? கைய ஆட்டு, பார்த்துட்டு பஸ் ஏறிடுவாரு."

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் தனி அக்கறை வந்துவிட்டது. லாரியில் ஜல்லி வரத் தாமதமானால் முதலாளியைவிட நான்தான் அதிகம் கவலைப்பட்டேன். மழை பெய்து வேலை நின்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகச் சிதம்பரம் போனாள். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டாள். அவள் கையில் எனக்கு ஒரு டஜன் சிவப்பு வளையல் இருந்தது. அப்பா கொடுத்தாரா என்று கேட்டேன். "ம்" என்றாள். அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி என்றும் சொன்னாள். நான் வளையலைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தேன். அங்கே அப்பாவுக்கு வேறு வீடு இருந்ததையும், அந்த வீட்டு வாசலில் ஒரு கைக்குழந்தையின் துணிகள் காய்ந்ததையும், அம்மா உள்ளே போகாமல் எதிர்ச்சாரியிலேயே நின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டதையும் மாமா எனக்குச் சொன்னபோது நான் பத்தாவது முடித்திருந்தேன். வளையலை அம்மா சிதம்பரம் கீழவீதிக் கடையில் தானே வாங்கியிருக்கிறாள்.

அம்மா சிதம்பரம் போய்வந்ததற்கு அடுத்த வாரம்தான் மேஸ்திரி சட்டை கேட்டார். கட்டடம் தெருவுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது, போகிறவன் வருகிறவன் கண்ணெல்லாம் படும், திருஷ்டி பொம்மை கட்டணும் என்றார். வைக்கோல் அடைத்து, தலைக்கு ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பால் கண்ணும் மீசையும் வரைந்து, பழைய பேன்ட் சட்டை போட்டுவிடுவார்கள். பேன்ட் கிடைத்துவிட்டது. யார் வீட்டில் பழைய சட்டை இருக்கிறது என்று கேட்டார். கலவை சுமக்கும் அக்கா ஒருத்தி அம்மாவைப் பார்த்து, "உன் வூட்டுக்காரு சட்டைய குடேன். ஆணிக்குத்தான போட்டு வெச்சிருக்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள்.

மறுநாள் அந்தச் சட்டையைத் துவைத்து, காயவைத்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். மேஸ்திரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பொம்மைக்குப் போய் யாராவது தொவைச்சு குடுப்பாங்களாம்மா?"

அம்மா கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா வந்தால் எதைப் போட்டுக்கொள்வார் என்று அன்று இரவு நான் அழுதேன். ஆனால் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது தளத்து ஓரத்தில், சவுக்குக் கம்பில், அப்பாவின் சட்டை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காற்றில் ஆடியது. அப்போது எனக்கு ஒரு விஷயம் புரிந்ததுபோல இருந்தது. அம்மா கெட்டிக்காரி. கட்டடம் உயர உயரப் பொம்மையையும் மேலே மேலே மாற்றிக் கட்டுவார்கள். ஏழாவது மாடிக்குப் போனால் நமக்குச் சிதம்பரம் தெரியும் என்றால், சிதம்பரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இந்தச் சட்டையும் தெரியத்தானே வேண்டும்? தன் சட்டை தனக்குத் தெரியாதா? அதற்காகத்தான் அம்மா துவைத்துக் கொடுத்திருக்கிறாள். அழுக்காக இருந்தால் தூரத்திலிருந்து தெரியாது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு பெஞ்சுத் தோழியிடம் மட்டும், அதோ அது எங்கப்பா சட்டை என்று காட்டினேன். அவள் போய் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். "உங்கப்பா பொம்மையாடி?" என்று கேட்டுக் கேட்டு ஒரு வாரம் சிரித்தார்கள். நான் அதிகம் பேசாதவளாக ஆனது அந்த வாரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நான்காவது தளம் வந்தது. ஐந்தாவது வந்தது. பொம்மையும் ஏறிக்கொண்டே போனது. வெயிலில் நீலம் வெளுத்துக்கொண்டே வந்தது எனக்குக் கவலையாக இருந்தது. சீக்கிரம் ஏழு வந்துவிட வேண்டுமே என்று தினமும் மணல்மேட்டில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன்.

ஆறாவது கூரைத் தளம் போட்ட அன்று பெரிய சாப்பாடு. தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாது. விடியற்காலையிலிருந்து சாரத்தில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கலவைச் சட்டியை மேலே அனுப்பினார்கள். அம்மா நாலாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். மூன்று மணிக்கு முடிந்தது. முதலாளி எல்லோருக்கும் இலை போட்டுக் கேசரியும் சாம்பார் சாதமும் பரிமாறினார். அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் இலைக்கு வந்தபோது மேஸ்திரியிடம், "அவ்ளோதாம்பா. ஆறோட நிறுத்திக்குவோம்" என்றார்.

ஏன் நிறுத்தினார் என்பதற்கு ஊரில் இன்றுவரை பல கதைகள் உண்டு. ஜாதகம் என்பார்கள், அனுமதி என்பார்கள், முதலாளி வீட்டு அம்மாவுக்கு உயரம் என்றால் பயம் என்பார்கள். பெயர் மட்டும் முன்கூட்டியே ஊரில் பரவிவிட்டது. அதை யாராலும் ஒரு மாடி குறைக்க முடியவில்லை.

நான் கேசரியைப் பாதியில் வைத்தேன். இலையை மூடிவிட்டு எழுந்தேன். மாமா பின்னாலேயே வந்தார். நான் மணல்மேட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஏழு என்று சொன்னாயே, ஏழு என்று சொன்னாயே என்று அழுதேன். மாமா என்னைவிடப் பதினைந்து வயதுதான் பெரியவர். சும்மா சொன்ன ஒரு வார்த்தையை ஒரு வருஷமாக ஒருத்தி எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மேலே கூட்டிக்கொண்டு போகிறேன், ஆறிலிருந்தே தெரியும் என்றார்.

புதுத் தளம் இறுக வேண்டும் என்பதற்காக அதன்மேல் சிமென்ட் கலவையில் வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்துவார்கள். பார்க்க நடவுக்குத் தயாரான வயல்போல இருக்கும். அந்தத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அம்மாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளோடு நானும் மாமாவும் ஏறினோம். படிக்கட்டு இன்னும் பூசப்படவில்லை. சன்னலுக்கு விட்ட இடங்களைப் பலகையால் அடைத்திருந்தார்கள், உள்ளே ஒரே இருட்டு. மேலே போய்த் தலையை நீட்டியதும் கண் கூசியது. பாத்தி எல்லாம் வானம். மேகம் ஒரு பாத்தியிலிருந்து வரப்பைத் தாண்டி அடுத்த பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கடல் சுவர்போல எழுந்து நின்றது.

மாமா என் தோளைப் பிடித்துக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். "அதோ பாரு. நேரா. மரத்துக்கு மேல. தெரியுதா?"

தெரிந்தது. தூரத்தில், பச்சைக்கு மேலே, ஒல்லியாக, உயரமாக ஒன்று நின்றது.

"நாலுன்னு சொன்னியே மாமா. ஒண்ணுதான இருக்குது?"

"மத்த மூணும் அதுக்குப் பின்னாடி நிக்குது."

"கோபுரத்துலேருந்து புகை வருது?"

மாமா கொஞ்சம் தடுமாறினார். "சாமிக்குப் பொங்கல் வெக்கிறாங்க."

அது நெல்லிக்குப்பம் பக்கத்துச் சர்க்கரை ஆலையின் புகைபோக்கி. சிதம்பரம் இருப்பது தெற்கே. காலைச் சூரியனைப் பார்த்து நின்றால் வலதுகைப் பக்கம் தெற்கு என்ற பாடம் எங்களுக்கு அடுத்த வருஷம்தான் வந்தது. அன்று எனக்கு அது கோபுரம். நான் வளையல் போட்ட கையைத் தூக்கி ஆட்டினேன். வலிக்க வலிக்க ஆட்டினேன். மாமாவும் கூட ஆட்டினார்.

திரும்பிப் பார்த்தால் அம்மா எங்களோடு இல்லை. தளத்தின் வேறொரு மூலையில், பொம்மைக்குப் பக்கத்தில், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கடலைப் பார்த்து நின்றால் வலதுகைப் பக்கம் அது. அங்கே கெடிலம் ஆறும் தென்னை மரங்களும் வெயில் மூட்டமும்தான். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கக்கூட இல்லை.

"அம்மா, கோபுரம் இந்தப் பக்கம்" என்று கத்தினேன்.

"நீ பாரு. எனக்கு இங்கேருந்தே தெரியுது."

பாவம், அம்மாவுக்குத் திசை தெரியவில்லை என்று நினைத்தேன். மாமா சட்டென்று கையை இறக்கிவிட்டார். அம்மா குடத்தைச் சாய்த்துப் பாத்தியில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு பொம்மையைப் பார்த்தாள். சட்டையில் மேல் பொத்தான் கழன்று வைக்கோல் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டுப் பொத்தானைப் போட்டாள். கை ஈரத்தைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது மாமா முன்னால் போய்விட்டார். நானும் அம்மாவும் இருட்டில் படியைக் காலால் தடவித் தடவி வந்தோம். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏழாவது மாடி போட்டிருந்தா அப்பாவுக்கு நம்ம சட்ட தெரிஞ்சிருக்கும் இல்லம்மா?"

அம்மா அடுத்த படியைக் காலால் தேடி இறங்கினாள்.

"ஆமாடி. ஒரு மாடி கொறைஞ்சுபோச்சு."

முதலாளியின் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. பல வருஷம் அந்தக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்திலும், அம்மா என் மணிக்கட்டை வளையல் உடைகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருப்பதைக் கவனித்தேன். இருட்டில் நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டு, "நான் விழ மாட்டம்மா, நீ பார்த்து வா" என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.