பட்டியலில் இல்லாத அழகுத்தாய்

அழகுத்தாயைப் பற்றி யாராவது "பாவம், வாழாவெட்டி" என்று பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடிகாரப் புருஷனை உதறிவிட்டு, மகள் அமுதவள்ளியோடு பிறந்த வீட்டுக்கு வந்து, நூல் மில்லில் ஷிஃப்ட் பார்த்து, அண்ணன் பால்பாண்டிக்கும் சேர்த்து உலை வைக்கிறவள் அவள். இதில் பாவப்பட என்ன இருக்கிறது?

பந்தல்குடிக்கு மேற்கே அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. அமுதவள்ளி ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் பெண்கள் ஓட்டுரிமை பற்றிப் பாடம் நடத்தினேன். 1921-லேயே சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது, ஆனால் சொத்துள்ளவர்களுக்கு மட்டும் என்றேன். சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் பெண்டாட்டி, இன்னார் மகள் என்றே பதிந்துகொண்ட கிட்டத்தட்ட இருபத்தெட்டு லட்சம் பெண்களுக்கு ஓட்டு இல்லாமல் போனது, பெரும்பாலும் வடக்கே என்றும் சொன்னேன். "இப்ப அப்படி நடக்குமா?" என்று பெருமையாகக் கேட்டும் வைத்தேன்.

அமுதவள்ளி எழுந்தாள். "எங்கம்மாவுக்கு ஓட்டு இல்ல டீச்சர். போன எலெக்‌ஷனுக்கு லீவு போட்டுட்டுப் போயி வரிசையில நின்னுச்சு. பேரு இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாக."

என் முகம் சுண்டிப்போனது. அந்த ஊருக்கு வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையும் என்னுடையதுதான். பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 'அழகுத்தாய், திருமணமாகி வெளியூர், நீக்கவும்.' என் கையெழுத்து. பால்பாண்டி வாசலில் நின்று சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். அந்த வீட்டிலேயே குடியிருக்கிற பெண்ணின் பெயரை அடித்துவிட்டு, வகுப்பில் நின்று சரித்திரம் பேசியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டாமா?

பெயர் சேர்க்க மறுநாள்தான் கடைசி. சாயங்காலமே படிவத்தோடு போனேன். பால்பாண்டி வாசலிலேயே மறித்தான்.

"கட்டிக்குடுத்த பிள்ளைக்கு இங்க எதுக்கு டீச்சர் ஓட்டு? இன்னைக்குப் பேரும்பா, நாளைக்கு வீட்டுல பங்கும்பா. அவ இங்க இல்லைன்னே எழுதுங்க. வீட்டு ஆம்பள நான் சொல்றேன்ல."

அவன் இதைச் சொல்லும்போது அழகுத்தாய் அவனுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்.

"கண்ணு முன்னால நிக்கிறவுகள இல்லைங்கிறீகளே, நாக்கு கூசலையாண்ணே?"

"எழுதிப் பாருங்க. பொட்டி படுக்கை ரோட்டுக்கு வந்துரும்."

அழகுத்தாய் அவனைத் தாண்டி முன்னால் வந்தாள். "வரட்டும்ண்ணே. ரோட்டுல படுத்தாலும் நான் இந்த ஊருதான். நீங்க எழுதுங்க டீச்சர்."

நேரில் பார்த்தேன், இங்கேயே குடியிருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பால்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனான்.

கிளம்பும்போது, என் தலையில் இருந்த பழியில் பாதியையாவது இறக்கி வைக்கலாமே என்று கேட்டேன். "அன்னைக்குப் பட்டியல் சரிபார்க்க நான் வந்தப்ப நீங்க மில்லுக்குப் போயிருந்தீகளோ?"

"இல்ல டீச்சர். அடுப்படியிலதான் நின்னேன். வீட்டுல ஆம்பள யாரும் இல்லையான்னு நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. தூங்கிட்டு இருந்த அண்ணன எழுப்பி விட்டதே நான்தான்."