அசையாமல் கேட்க ஒரு ஆல்பம்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு ‘அசையாதீங்க’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பதினாறு வருடமாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கில் நாள் முழுக்க அதையே சொல்கிறவளுக்கு வேறென்ன பெயர் வரும்? கேன்டீனுக்குப் போனால்கூட, “அசையாதீங்க அக்கா வராங்க, வழி விடுங்கப்பா” என்பார்கள். சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வருவது ஒரே ஒரு விஷயத்தில்தான். ‘ஏழாவது மாடி’ இசைக்குழுவைப் பற்றி யாராவது அரைகுறையாகப் பேசினால் வரும். நாலு பேர் குழு, மொத்தம் ஆறு ஆல்பம். பள்ளிக்கூட நாளில் ஒரே ஹெட்ஃபோனை ஆளுக்கொரு காதாகப் பிரித்துக்கொண்டு அவளும் தம்பியும் கேட்ட குழு. தம்பி இப்போது வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறான், கையில் எப்போதும் சிமென்ட். எல்லாவற்றிலும் அக்கா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எது சிறந்த ஆல்பம் என்று வந்துவிட்டால் மட்டும் இருவரும் கீரியும் பாம்பும். அவளுக்கு மூன்றாவது. அவனுக்கு ஐந்தாவது.

“டிரம்ஸ் அடிக்கிறவன் கோவிச்சுட்டுப் போனப்புறம் போட்டது அது. டிரம்ஸே இல்லாத ஆல்பம் ஒரு ஆல்பமாடா?” என்பாள்.

“அதான் அக்கா அழகே” என்பான் அவன். பல வருடமாக இதே பேச்சு.

ஸ்கேன் குழாய்க்குள் படுக்கிறவர்களுக்கு ஹெட்ஃபோனில் பாட்டுப் போடுவது வழக்கம். இயந்திரம் போடுகிற தடதட சத்தத்தில் பயந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒருமுறை யாரோ கம்ப்யூட்டரில் செருகிய பென் டிரைவால் வைரஸ் புகுந்து இரண்டு நாள் வேலை நின்றுபோனது. அன்றிலிருந்து கண்டதையும் செருகத் தடை. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் ஒரு படிவத்தோடு வந்தார்.

“ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்க மேடம், நாங்களே ஏத்திப் பூட்டிடுறோம். வருஷாந்திர பராமரிப்பு வரைக்கும் மாத்த முடியாது. ரெண்டு வாரம் டைம். அதுவரைக்கும் பழைய சி.டி. பிளேயர்ல ஓட்டிக்கோங்க.”

“நானா சொல்லணும்?”

“உங்களை விட்டா இங்க பாட்டு தெரிஞ்சவங்க யாரு?”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. யோசிக்கவே வேண்டாம், மூன்றாவதுதான். வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டாள். நாலு பேரைக் கேட்க வைத்துவிட்டுச் சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாதல்லவா?

திங்கட்கிழமை முதல் ஆள் ஒரு தபால்காரர், முழங்கால் ஸ்கேன். மூன்றாவது ஆல்பத்தைப் போட்டாள். இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் இறங்கும் இடம் வந்தது. திரையில் முழங்கால் புகைபோலக் கலங்கியது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். தபால்காரரின் கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“ஐயா, அசையாதீங்க.”

“நான் எங்கம்மா அசைஞ்சேன்?”

மனிதர் பொய் சொல்லவில்லை. கால் அவரைக் கேட்காமலே ஆடியது. மறுபடி எடுத்தாள், மறுபடி கலங்கியது. அடுத்து வந்த பள்ளி ஆசிரியைக்குக் கழுத்து ஸ்கேன். அந்த அம்மாள் கூடவே முணுமுணுத்துத் தலையாட்டினார். மதியத்துக்குள் படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் அறைக்கே வந்துவிட்டார்.

“என்னம்மா இது, கழுத்தா, பனிமூட்டமா? நான் எதைப் பார்த்து எழுதுறது?”

தான் உயிரை விடும் ஆல்பம் ஜனங்களை ஆட வைக்கிறது என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியே மூன்று பேர் கவுன் மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எரிச்சலோடு சி.டி.யை வெளியே எடுத்தாள்.

மறுநாள் முதலாவது ஆல்பம். அதில் கிட்டாரும் இயந்திரமும் போட்டி போட்டுக் கத்தியதில் ஒருவருக்குத் தலைவலியே வந்துவிட்டது. இரண்டாவதில் நடுவே ஒரு அலறல் வரும், அதை மறந்தே போனாள். உள்ளே இருந்த பெண் கையில் கொடுத்திருந்த அவசரப் பந்தை அமுக்கு அமுக்கு என்று அமுக்கிவிட்டாள். நாலாவது சோக ஆல்பம். ஒரு பெரியவர் உள்ளே அழ ஆரம்பித்தார். கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கவும் முடியாமல் படுத்திருந்தவரை வெளியே இழுத்து, இவள்தான் துடைத்துவிட்டாள். ஆறாவது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும், “ஸ்கேன் ஆயிடுச்சா?” என்று எழுந்திருக்கப் பார்த்தார் ஒருவர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டுக் கொட்டித் தீர்த்தாள்.

“ஒண்ணும் சரிப்படலடா. ஒவ்வொண்ணும் ஒரு விதத்துல காலை வாருது.”

“அஞ்சாவது போட்டியா?”

“போடல.”

“ஏன்?”

“பிடிக்கல.”

“படுத்திருக்கப் போறது நீயா அக்கா?” என்று சிரித்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ஒரு தையல்காரப் பெண் வந்தாள். முதுகு ஸ்கேன். மூடிய இடம் என்றால் மூச்சுமுட்டும். ஏற்கெனவே இரண்டு முறை குழாயின் வாசல்வரை போய்விட்டு, “வேண்டாம், ஆளை விடுங்க” என்று ஓடியவள்.

“பத்து நிமிஷம் பாருங்க. முடியலைன்னா இந்தப் பந்தை அமுக்குங்க, உடனே வெளிய எடுத்துடறேன்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மேசையில் மிச்சமிருந்தது ஐந்தாவது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. பந்து அமுங்கவில்லை. இருபது ஆயிற்று. திரையில் ஒவ்வொரு முள்ளெலும்பும் பென்சிலால் வரைந்ததுபோலத் தெளிவாக வந்து விழுந்தது. நாற்பது நிமிடத்தில் ஒருமுறைகூட மைக்கைத் தொட வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்த தையல்காரப் பெண், “அதுக்குள்ளயா? அந்தக் கடைசிப் பாட்டு முடியட்டுமேன்னு இருந்தேன்” என்றாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “இதையேதான் முதல்லயே போட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்தப் பெண்ணுக்காகச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருடம் கட்சி கட்டியது ஒரு முதுகெலும்பின் முன்னால் தோற்றுப்போயிற்றே!

படிவத்தில் ஐந்தாவதன் பெயரை எழுதிக் கொடுத்தாள். தம்பிக்கும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

“ஒத்துக்கிட்டியா?” என்றான் அவன், குரலில் அவ்வளவு குஷி.

“ஆஸ்பத்திரிக்கு ஒத்துக்கிட்டேன். உனக்கு ஒத்துக்கல.”

“ரெண்டுக்கும் என்ன அக்கா வித்தியாசம்?”

“நிறைய இருக்கு. போய் வேலையைப் பாரு.”

அதற்குப் பிறகு ஒரு வருடம், தினம் ஏழெட்டுத் தடவை அந்த டிரம்ஸ் இல்லாத ஆல்பம். கட்டுப்பாட்டு அறை ஸ்பீக்கரிலும் அது கசிந்துகொண்டே இருக்கும். டிரம்ஸ் வர வேண்டிய இடங்களில் அவள் விரல் தானாக மேசையைத் தட்டும், சட்டென்று நிறுத்திக்கொள்வாள். குழுவின் பெயரைக் கேட்கிறவர்களிடமெல்லாம், “மூணாவதைக் கேளுங்க” என்று விடாமல் சொன்னாள். ஒரு பேருந்து ஓட்டுநர் அடுத்த ஸ்கேனுக்கு வந்தபோது, “கேட்டேம்மா, ஒரே சத்தம். உங்க ஆல்பம்தான் நல்லாருக்கு” என்றார். ‘உங்க’ ஆல்பமாம்!

வருஷாந்திர பராமரிப்பு வந்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் அதே படிவத்தோடு எதிரில் நின்றார்.

“மாத்தணுமா மேடம்?”

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். பக்கத்து அறையிலிருந்து டாக்டரின் குரல் வந்தது: “அதுல மட்டும் கை வச்சிடாதீங்க!”

‘மாற்றம் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு கீழே ‘குறிப்பு’ என்றிருந்த இடத்தில் அழுத்தி எழுதினாள்: ‘இது இக்குழுவின் சிறந்த ஆல்பம் அல்ல.’

அவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இதுக்கு நாங்க என்ன பண்ணணும் மேடம்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். ஃபைல்ல இருக்கட்டும்.”